கிழிக்கப்படாத தினக்காலண்டர்: தனியே வாழ்ந்த 77 வயதுத் தாய்க்கு எந்த உதவி தேவைப்பட்டது? ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

காவிரிப் படுகையில் ஒரு சிறு நகரம். 77 வயதான ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை, கணவர் இறந்த பிறகு நான்கு ஆண்டுகளாகச் சொந்த வீட்டில் தனியாக இருந்தார். மகள் சென்னையில், மகன் பெங்களூரில். ஓய்வூதியம் வந்துகொண்டிருந்தது, பணத்துக்குத் தட்டுப்பாடில்லை. 18 ஆண்டுச் சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், இரண்டு முழங்காலிலும் தேய்மானம். வலது கண்ணில் புரை அறுவை முடிந்திருந்தது. இடது கண் பாக்கி.

போட்டுவந்த மாத்திரைகள்: சர்க்கரைக்குக் காலை உணவுக்கு முன் கிளிமிபிரைடு 2 மி.கி., காலையும் இரவும் உணவுக்குப் பின் மெட்ஃபார்மின் 500 மி.கி., ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 5 மி.கி., டெல்மிசார்டன் 40 மி.கி., இரவில் கொழுப்புக்கு ஒன்று.

தினமும் மாலை ஏழு மணிக்கு மகள் தொலைபேசியில் பேசுவார். கேள்வியும் மாறாது, பதிலும் மாறாது. "சாப்டாச்சாம்மா?" "ஆச்சு." "மாத்திரை?" "போட்டாச்சுடி, அதைக்கூடவா மறப்பேன்?" நாற்பது ஆண்டு வகுப்பு நடத்திய குரல், அதில் தளர்ச்சி இல்லை. 'ஆச்சு' என்று முடிக்கக்கூடிய கேள்விகளையே கேட்டுக்கொண்டிருந்ததை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

ஆடி மாதம்: கரண்ட் பில்

முதல் அறிகுறி மின்சாரக் கட்டணத்தில் வந்தது. இரண்டு மாதக் கட்டணம் கட்டப்படாமல் இணைப்பு துண்டிக்கப்பட்டது. பக்கத்து வீட்டார் சொல்ல, மகன் பெங்களூரிலிருந்தே இணையத்தில் கட்டினார். மாலைக்குள் விளக்கு எரிந்தது. 'வயசானா மறக்கத்தானே செய்யும்' என்று விஷயம் முடிந்துவிட்டது.

அது வெறும் மறதி என்று விடக்கூடிய ஆள் இவர் அல்ல. கல்யாணமான ஆண்டிலிருந்து வீட்டுக் கணக்கு நோட்டு எழுதியவர். பால், மளிகை, கரண்ட் எல்லாம் தேதி போட்டு இருக்கும். தீபாவளிக்கு வந்த மகள் எடுத்துப் பார்த்தபோது கடைசிப் பதிவு சித்திரை மாதத்தில் நின்றிருந்தது. அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் கூட்டல் இரண்டு இடத்தில் பிசகியிருந்தது. ஒரே மளிகைச் செலவு இருமுறை எழுதப்பட்டிருந்தது.

முதியோரின் அன்றாடத் திறனை அளக்க மருத்துவத்தில் இன்றும் புழங்கும் பட்டியல்கள் இரண்டு. கேட்ஸ் குழுவினர் 1963-இல் வெளியிட்டதில் ஆறு அடிப்படை வேலைகள்: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போவது, படுக்கையிலிருந்தும் நாற்காலியிலிருந்தும் எழுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, எடுத்துச் சாப்பிடுவது. லாட்டனும் பிராடியும் 1969-இல் தந்ததில் எட்டு: தொலைபேசி, கடைக்குப் போவது, சமையல், வீட்டைப் பராமரிப்பது, துணி துவைப்பது, பயணம், மருந்து, பணம். நினைவு சரியத் தொடங்கினால் பெரும்பாலும் இரண்டாவது பட்டியல்தான் முதலில் உடையும், அதிலும் பணமும் மருந்தும் முன்னால் போகும். குடும்பங்களோ முதல் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு, 'தானே குளிக்கிறாங்க, தானே சாப்பிடறாங்க' என்று நிம்மதியாகிவிடுகின்றன.

தீபாவளி: வீட்டில் கண்டவை

மகள் ஐந்து நாள் தங்கினார். வந்த முதல் நாள் கண்ணில் பட்டது கூடத்துத் தினக்காலண்டர். ஒன்பது நாள் பழைய தேதி. காலையில் எழுந்ததும் தாள் கிழித்து, ராகுகாலம் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை என்பது அந்த வீட்டு வழக்கம்.

குளிர்பெட்டியில் அரை லிட்டர்ப் பால் பாக்கெட் ஐந்து, மூன்று திரிந்திருந்தன. பாக்கெட் தினமும் வாசலுக்கு வருகிறது. அதை மறந்து கடையிலும் வாங்கியிருக்கிறார். பால் காய்ச்சும் பாத்திரத்தின் அடி கருகியிருந்தது, தேய்த்த தடத்தோடு. சமையல் எரிவாயு 14.2 கிலோ சிலிண்டர் முன்பு ஏறக்குறைய 70 நாள் வரும். கைப்பேசியிலிருந்த பதிவுக் குறுஞ்செய்திகளைப் பார்த்தால் கடைசி சிலிண்டர் வந்து 130 நாள் ஆகியும் தீரவில்லை. சமையல் நடக்கவில்லை என்பதற்கு இதைவிட நேரான சாட்சி இல்லை. எடை, பழைய மருந்துச் சீட்டில் 54 கிலோ, இப்போது 48. ஏழு மாதத்தில் பத்து விழுக்காட்டுக்கும் மேல். ஆறிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் ஐந்து விழுக்காடு குறைந்தாலே மருத்துவரிடம் போக வேண்டும்.

படுக்கையிலிருந்து குளியலறை வரை சுவரில் இடுப்பு உயரத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கோடு கைத்தடங்கள் ஓடின. அலமாரி ஓரம், கதவு நிலை, பிறகு மீண்டும் சுவர் என்று தடம் விடாமல் தொடர்ந்தது. குளியலறைக் குழாய் சுவரோடு ஆடியது. எழும்போது அதைப் பிடித்துத்தான் எழுந்திருக்கிறார்.

வாசல் கோலம் சுருங்கியிருந்தது. பதினைந்து புள்ளிக் கோலம் போடுபவர், நாலு கோடு இழுத்துவிட்டு வந்தார். அதையும் மகள் மறதிக் கணக்கில் சேர்த்தார். அது தவறு என்று பின்னால் தெரிந்தது.

மாத்திரைகளை மகள் எண்ணினார். கடை ரசீதில் தேதி இருந்ததால் கணக்கு எளிது. வாங்கி 26 நாள். மெட்ஃபார்மின் 60 வாங்கியதில் 52 போயிருக்க வேண்டும், 8 மீதமிருக்க வேண்டும். மீதம் இருந்தது 33. கிளிமிபிரைடு 30-இல் 4 மீதமிருக்க வேண்டும். மூன்று அட்டையும் காலி. ஒன்று பாதி போடப்பட்டிருக்கிறது, மற்றது கூடுதலாக.

காரணம் பிறகு புரிந்தது. கிளிமிபிரைடு காலையில் எழுந்ததும் போடுவது. போட்டுவிட்டுச் சாப்பிடுவதற்குள் போட்டது மறந்துவிடும். சில நாள் இன்னொன்று. மெட்ஃபார்மின் சாப்பாட்டுக்குப் பின் போடுவது. சாப்பாடே இல்லாத வேளையில் 'சாப்பாட்டுக்குப் பின்' எங்கே வரும்?

பகல் 11.30

மூன்றாம் நாள் பதினொன்றரை மணிக்குத் தாய்க்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, பேச்சு தடுமாறியது. வீட்டுக் கருவியில் சர்க்கரை 58. 70-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. விழுங்க முடிந்ததால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார்கள். பதினைந்து நிமிடத்தில் 84. பிறகு இரண்டு இட்லி. (நினைவு மங்கி விழுங்க முடியாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 108-ஐ அழைக்க வேண்டும்.) பக்கத்து வீட்டு அம்மாள் அப்போதுதான் சொன்னார்: "அடிக்கடி இப்படித்தான் வருது. நான் சர்க்கரை தூக்கலா ஒரு காபி போட்டுக் கொடுப்பேன், சரியாயிடும்." பல வாரமாக நடந்திருக்கிறது. அவரை யாரும் கேட்டதில்லை.

மருத்துவமனையில்

முதியோர் மருத்துவத்தில் தனிப்பயிற்சி பெற்ற மருத்துவரைத் தேடிப் போனார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1996-லேயே இத்துறையில் எம்.டி. படிப்பு தொடங்கிவிட்டது, கிண்டியில் 2024 முதல் தேசிய முதியோர் நல மருத்துவமனையும் இயங்குகிறது. ஆனாலும் தனித்தனி நோய்க்குத் தனித்தனி மருத்துவர் என்று அலையும் குடும்பங்களே அதிகம்.

வீட்டிலிருந்த எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோனது நல்லதாயிற்று. கடையில் வாங்கிய அம்லோடிபின் ஒரு பெயரில், வீட்டுக்கே வந்து தரப்படும் அரசு மாத்திரையில் அதே அம்லோடிபின் இன்னொரு பெயரில். இரண்டையும் போட்டுக்கொண்டிருந்தார். இரு தரப்புக்கும் மற்றதைப் பற்றிச் சொல்லப்படவில்லை. படுத்திருக்கும்போது ரத்த அழுத்தம் 138/78. எழுந்து நின்று மூன்று நிமிடத்தில் 112/68. மேல் எண் 20-க்கு மேல் இறங்கினால் விழும் அபாயம் கூடும்.

நினைவுச் சோதனைக்கு முன் மருத்துவர் காதைப் பார்த்தார். இரண்டு காதிலும் அழுக்கு அடைத்திருந்தது. அதை எடுத்த பிறகு, அடுத்த வருகையில்தான் சோதனை. காது கேளாதவரிடம் மூன்று சொல் சொல்லித் திருப்பிக் கேட்டால் அளக்கப்படுவது காதுதான். மூன்று சொல்லும் கடிகாரம் வரைவதும் சேர்ந்த மினி-காக் சோதனையில் ஐந்துக்கு ஒன்று வந்தது. மூன்றுக்குக் கீழ் என்றால் மேற்கொண்டு ஆராய வேண்டும். நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்கார 21 விநாடி. 12-ஐத் தாண்டினாலே எச்சரிக்கை. கையை ஊன்றாமல் எழ முடியவில்லை.

ரத்தத்தில் பி12 மிகக் குறைவு, 140. மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் போடுபவர்களிடம் இது காணக்கூடியது. தைராய்டு சரி. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 6.4 விழுக்காடு. இளவயதினருக்கு அது பாராட்டுக்குரிய எண். 77 வயதில், எடை குறைந்து, கிளிமிபிரைடும் போடும் ஒருவருக்கு அபாயச் சங்கு.

மருத்துவர் கிளிமிபிரைடை நிறுத்தினார், அம்லோடிபினை ஒன்றாக்கினார், பி12 ஊசி தொடங்கினார், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையின் இலக்கை எட்டுக்குக் கீழ் என்று தளர்த்தினார். இவை அவரைப் பரிசோதித்து எடுத்த முடிவுகள்; இதைப் படித்துவிட்டு வீட்டில் யாரும் மாத்திரையை நிறுத்தக்கூடாது.

முதல் ஏற்பாடும் அது தோற்றதும்

மகனின் எண்ணம் உடனே பெங்களூருக்கு அழைத்துப் போவது. தாய் மறுத்தார். "அங்க வந்து நாலு சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காரவா?" சமரசமாகக் கார்த்திகையில் ஓர் ஏற்பாடு: காலை 8 முதல் மாலை 6 வரை முழுநேர உதவிக்கு ஓர் அம்மாள், மெஸ்ஸிலிருந்து இரண்டு வேளைக் கேரியர், அடுப்பைத் தொடக்கூடாது.

மூன்று வாரத்தில் நிலைமை கீழே போனது. மெஸ் சாம்பார் பாதிக்கு மேல் மிச்சம். எடை இன்னும் அரைக் கிலோ குறைந்தது. பகலெல்லாம் படுக்கை. நடைச் சோதனை 24 விநாடி. உதவியாளர் நல்லவர்தான், அதிலும் சிக்கல்: "டீச்சர், நீங்க உக்காருங்க, நான் எடுத்துத் தரேன்" என்று தண்ணீர்ச் செம்பைக்கூட விடமாட்டார். ஒருநாள் தொலைபேசியில் தாய் சொன்னது: "எனக்கு இந்த வீட்ல வேலையில்லைடி."

கால் தசை உட்கார்ந்தால் கரையும். அது மட்டுமல்ல, முடியாத ஒரு படிக்காக, முடிகிற ஒன்பது படியும் பிடுங்கப்பட்டிருந்தது.

வேலையைப் படிகளாகப் பிரித்தது

மார்கழி நடுவில் மகள் ஒரு வாரம் வந்து தங்கி, ஒவ்வொரு வேலையையும் தாயையே செய்யச் சொல்லி, குறுக்கிடாமல் பார்த்தார். இது கடினம். கத்திரிக்காய் நறுக்க இருபது நிமிடம் ஆகும்போது கை சும்மா இராது.

சமையலில் கண்டது: நறுக்குவது சரி. புளி கரைப்பது, பொடி அளவு, தாளிப்பது எல்லாம் சரி. உப்பு மட்டும் சில நாள் இருமுறை. உடைந்தவை மூன்று: ஒரே நேரத்தில் இரண்டு அடுப்பைக் கவனிப்பது, நடுவில் யாராவது கூப்பிட்டால் அடுப்பை நினைவில் வைப்பது, கொதிக்கும் பாத்திரத்தை இறக்குவது. ஆகவே காலை 8 முதல் 11 வரை உதவியாளர் இருக்கும்போது தாய் சமைப்பது, ஒரு நேரத்தில் ஓர் அடுப்பு. உப்பை ஒரு கிண்ணத்தில் அன்றைக்கு வேண்டிய அளவு எடுத்து வைத்தால், கிண்ணம் காலியானதே போட்டதற்கு அடையாளம். பாத்திரம் இறக்குவது உதவியாளர். கிளம்பும்போது சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிவிட வேண்டும். மாலை 5 முதல் 6.30 வரை மீண்டும் வந்து, இரவுக்கு இட்லி சுட்டு ஹாட்பாக்ஸில் வைப்பார். இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கலாம் என்று மகன் சொன்னார். வேண்டாம் என்று முடிவானது. புதிய பொத்தான்களைக் கற்பதுதான் நினைவு தளர்ந்தவருக்கு ஆகப் பெரிய சுமை.

கோலத்தைப் பற்றியும் அப்போது தெரிந்தது. நோட்டில் வரையச் சொன்னால் பதினைந்து புள்ளியும் நேர் புள்ளி, இடைப்புள்ளி பிசகாமல் வந்து, கம்பி எங்கும் அறாமல் முடிந்தது. வாசலில் சுருங்கியதற்குக் காரணம் குனிய முடியாத முழங்கால். மார்கழி முடியும்வரை உதவியாளர் மாவைப் பிடிக்க, இவர் திண்ணையில் உட்கார்ந்து சொல்லச் சொல்லக் கோலம் வந்தது.

குளியலறை

தேய்ப்பது, துடைப்பது, உடுத்துவது அவரே செய்தார். முடியாதவை: ஐந்து அங்குலத் திட்டைத் தாண்டுவது, நிறைந்த வாளியை நகர்த்துவது, மணையிலிருந்து எழுவது.

பிடிமானக் கம்பி முதலில் தப்பாகப் போனது. ஊர்க் குழாய் வேலைக்காரர் துண்டு போடும் கம்பியைப் பிளாஸ்டிக் செருகில் திருகிவிட்டார். மூன்றாம் நாள் கையோடு வந்தது, நல்ல வேளையாக உதவியாளர் இழுத்தபோது. பிறகு ஒன்றேகால் அங்குலத் தடிமனுள்ள எவர்சில்வர்க் கம்பி, செங்கல் சுவருக்குள் இறங்கும் ஆங்கர் போல்ட்டில், ஒவ்வொரு முனைக்கும் மூன்று திருகு, தரையிலிருந்து 33 அங்குல உயரத்தில், சுவருக்கும் கம்பிக்கும் ஒன்றரை அங்குல இடைவெளி. ஒன்று திட்டருகே, ஒன்று கழிப்பறையில். இரண்டு பேர் தொங்கிப் பார்த்த பிறகே அவர் கைக்கு விடப்பட்டது.

மணைக்குப் பதில் கால்களில் ரப்பர் புஷ் உள்ள, கைப்பிடி வைத்த நாற்காலி. தரையில் உட்காரும் கழிப்பறை மேலேயே, கால் உயரம் மாற்றக்கூடிய கமோட் நாற்காலி. தரைச் சரிவால் ஒரு கால் ஆடும், அந்தக் காலை மட்டும் ஒரு துளை கூட்டிச் சரிசெய்ய வேண்டும். உள்தாழ்ப்பாளை எடுத்துவிட்டு வெளியிலிருந்தும் திறக்கும் பூட்டு. வாசற்படியருகே கிடந்த கயிற்று மிதியடி எடுக்கப்பட்டது. மொத்தச் செலவில் பெரிய பங்கு கூலிதான்.

மாத்திரைப் பெட்டி

ஏழு நாள் அறைப் பெட்டி வாங்கினார்கள். அதில் ஆங்கில முதலெழுத்து மட்டும்: இரண்டு 'எஸ்', இரண்டு 'டி'. முதல் வாரமே செவ்வாய் அறை இருக்க வியாழன் அறை காலியானது. தமிழில் ஒற்றை எழுத்து ஒட்டினால் வி, வெ என்று வியாழனும் வெள்ளியும் குழம்பும். முழுக் கிழமைப் பெயரையும் பெரிதாக எழுதி ஒட்டி, பெட்டியைத் தினக்காலண்டருக்கு நேர் கீழே ஒரு பலகையில் வைத்தார்கள். உதவியாளர் வந்ததும் "டீச்சர், இன்னிக்கு என்ன கிழமை?" என்பார். தாள் கிழியும், அறை திறக்கும். ஆணி அடித்த இடத்தில் நாற்பது ஆண்டாக இருந்த பழக்கம். அதனோடு சேர்த்த பிறகுதான் மாத்திரை ஒட்டியது. பெட்டியை நிரப்புவது வாரம் ஒருமுறை, வீடியோ அழைப்பில் மகள் பார்க்க.

கரண்ட் பில் மகள் பொறுப்பு. கணக்கு நோட்டு தாயிடமே. கூட்டல் மட்டும் மகள் வரும்போது சரிபார்ப்பார்.

ஆறு மாதத்துக்குப் பின்

ஆனி மாதத்தில் எடை 51. நடை 15 விநாடி. கையை ஊன்றாமல் எழுகிறார். தாழ்சர்க்கரை ஒருமுறையும் பதிவாகவில்லை. மினி-காக்கில் மூன்று வந்தது: கடிகாரம் சரியாக வரைந்தார், சொல் பழையபடி ஒன்றுதான். பி12 போட்டதும் மறதி போய்விடவில்லை; விரிவான சோதனைக்குப் பின் தொடக்கநிலை மறதிநோய் என்று மருத்துவர் சொன்னார்.

இடையில் வைகாசியில் ஒரு விபத்து. இரவு மூன்று மணிக்கு மின்வெட்டு. இரவு விளக்கு அணைந்திருந்தது. கழிப்பறைக்குப் போகும் வழியில் விழுந்து மணிக்கட்டில் வீக்கம், எலும்பு முறிவில்லை. விடியும்வரை தரையிலேயே கிடந்தார். பக்கத்து வீட்டில் மாற்றுச்சாவி இருந்தது. கூப்பிட வழிதான் இல்லை. பிறகு மின்சாரம் போனால் தானே எரியும் சார்ஜ் பல்பு இரண்டு, கட்டில் காலருகே பக்கத்து வீட்டில் ஒலிக்கும் கம்பியில்லா அழைப்புமணி ஒன்று.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

ஆடியில் பில்லைக் கட்டியதோடு நின்றதில் மூன்று மாதம் போனது. கணக்கு நோட்டை அன்றே பார்த்திருக்கலாம்.

தொலைபேசிக் கேள்விகளை மாற்றியிருக்க வேண்டும். "சாப்டாச்சா" என்பதற்குப் பதில் "என்ன குழம்பு வெச்சே, காய் என்ன விலை சொன்னான்?" முடிந்தால் வீடியோவில் காலண்டர் தெரியும்படி பேசுவது. இது உளவு பார்ப்பதாகாமல் இருக்க, என்ன பார்க்கிறோம் என்று அவரிடமே சொல்லிவிடுவது நல்லது.

பக்கத்து வீட்டாரிடம் 'பார்த்துக்குங்க' என்று சொன்னது போதவில்லை. எதைக் கண்டால் யாரைக் கூப்பிடுவது என்று எழுதிக் கொடுத்திருந்தால் தாழ்சர்க்கரை காபியோடு மறைந்திருக்காது.

கார்த்திகை ஏற்பாடு பயத்தில் செய்தது. உதவியாளரை வைப்பதற்கு முன் ஒரு வாரம் பார்த்திருந்தால் பணமும் மிஞ்சியிருக்கும், மூன்று வாரத் தசையும் மிஞ்சியிருக்கும்.

அடுத்த கட்டத்துக்கு முன்

வைகாசியில் விழுந்ததற்குப் பிறகு மூவரும் உட்கார்ந்து பேசினார்கள். எது நடந்தால் ஏற்பாட்டை மாற்றுவது என்று நான்கு வரி. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தாயே தன் கையெழுத்தில் எழுதினார்: இரவில் இன்னொரு முறை விழுந்தால், துணைக்கு ஒருவர் வீட்டில் படுக்க வேண்டும். தெருவில் வழி தவறினால், தனியே கடைக்குப் போவதில்லை. இரவு வாசல் கதவைத் திறந்துபோட்டு மறந்தால், மகள் வீட்டுக்கு. குளிக்க, கழிப்பறை போக ஆள் தேவை என்றானாலும், மகள் வீட்டுக்கு.

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் தேதிக்கு இடம் விடப்பட்டது. ஆடி இரண்டாம் வாரம் முதல் வரிக்கு எதிரே தேதி விழுந்தது. ஒன்றுவிட்ட தங்கை ஒருவர், மாதம் இவ்வளவு என்று பேசி, இரவில் வந்து படுக்கிறார். மற்ற மூன்று வரிகளுக்கு எதிரே இடம் காலியாக இருக்கிறது.